ஆழ்கடல் மீனுக்கும் சூரியன்தான் கடிகாரம்

(வானொலி வேளாண் உரை)



பொழுது சாய்ந்தால் தூங்குமூஞ்சி மரம் இலையை மடித்துக்கொள்கிறது. குளத்தில் தாமரை குவிகிறது, அல்லி விரிகிறது. மேய்ந்து கொண்டிருந்த கோழி யாரும் விரட்டாமலே கூண்டுக்குப் போகிறது. மழைக்கால இரவில் திண்ணையில் விளக்கை வைத்தால் ஈசல் வந்து விழுகிறது. வயலில் விளக்குப் பொறி வைத்துத் தாய் அந்துப்பூச்சியை நீங்கள் பிடிப்பதும் இதே தந்திரம்தான். வெளிச்சம் கூடுவதும் குறைவதும் உயிர்களை ஏவுகிறது. இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, இதெல்லாம் தரையில் நடப்பது. தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது? வெயில் எட்டாத ஆழ்கடலில் வாழும் மீனுக்குப் பகல் எது, இராத்திரி எது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

"நெல்லும் கடலையும் போடுகிற எங்களுக்குக் கடல் மீன் கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று பல ஊர்களில் பண்ணைக் குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்க்கிறார்கள். மழை மூட்டமான ஒரு நாள் விடியும்போது குட்டை முழுக்க மீன் செத்து மிதக்கும். "யாரோ விஷம் கலந்துவிட்டான்" என்று பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. பல சமயம் அங்கே விஷமும் இருக்காது, விரோதியும் இருக்க மாட்டான். முந்தின நாள் வெளிச்சம் குறைந்து போனதுதான் காரணமாக இருக்கும். அது எப்படி என்று புரிய வேண்டுமானால், தண்ணீருக்குள் வெளிச்சம் செய்கிற வேலை தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலை பெரிய அளவில் நடக்கிற இடம் கடல். ஆகவே முதலில் கடலுக்குப் போய்விட்டு, பிறகு உங்கள் குட்டைக் கரைக்குத் திரும்புவோம்.

வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகும்?

கிணற்றில் இறங்கித் தூர் எடுத்தவர்களுக்குத் தெரியும், கீழே போகப் போக இருட்டு கட்டும். கடலிலும் அப்படித்தான். ஆனால் வெயிலில் உள்ள எல்லா நிறமும் ஒரே ஆழம் போவதில்லை. வானவில்லில் தெரிகிற நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் குடித்துவிடுகிறது. சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு அநேகமாகத் தீர்ந்துவிடும். நீல நிறம்தான் கடைசி வரை தாக்குப் பிடித்துக் கீழே போகிறது. நடுக்கடல் நீலமாகத் தெரிவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

மேலிருந்து சுமார் 200 மீட்டர் வரை, அதாவது பத்துப் பனைமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய ஆழம் வரை, வெளிச்சமுள்ள பகுதி என்று சொல்கிறார்கள். கடலின் பயிர் விளைகிற வயல் இதுதான். அதற்குக் கீழே 1,000 மீட்டர் வரை அந்தி மாதிரியான மங்கல். ஏதோ கொஞ்சம் தெரியும், ஆனால் பயிர் விளையாது. 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சமே கிடையாது. கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். எனவே கடலின் பெரும் பகுதி என்றைக்கும் இருட்டுதான்.

கடலில் என்ன பயிர் என்று கேட்கிறீர்களா? கண்ணுக்குத் தெரியாத நுண்பயிர்கள் தண்ணீரில் மிதக்கின்றன. நெல் எப்படி வெயிலை வாங்கி மாவாக மாற்றுகிறதோ, அப்படியே இவையும் வெயிலை வாங்கி வளர்கின்றன. இவற்றை மேய்வதற்கு நுண்பிராணிகள் இருக்கின்றன. குருணை அரிசி அளவில் மீசை நீண்டிருக்கும் துடுப்புக்காலிகள், சின்ன இறால் மாதிரியான பூச்சிகள் என்று பல வகை. நுண்பயிர், நுண்பிராணி இரண்டையும் சேர்த்து மிதவை உயிர்கள் என்றும், பிளாங்டன் என்றும் சொல்வார்கள். நுண்பிராணியைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும்.

பயிர் விளைவது மேலே. அப்படியானால் தின்ன வருகிற பிராணிகள் எல்லாம் பகல் முழுக்க மேலேயே மேய வேண்டுமல்லவா? ஆனால் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை.

போர்க்காலத்தில் கண்ட பொய்த் தரை

இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க ஒலி அலையைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது எங்கே மோதித் திரும்புகிறது என்று கேட்கும் கருவியை அமெரிக்க விஞ்ஞானிகள் சோதித்துக் கொண்டிருந்தார்கள். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிற மாதிரிதான். 1942ஆம் ஆண்டில் கலிபோர்னியா கரைக்கு அப்பால் அவர்களுக்கு ஓர் அதிசயம் தட்டுப்பட்டது. கடலின் அடித்தரை எங்கோ ஆழத்தில் இருக்கிறது. ஆனால் நடுவில் சில நூறு மீட்டர் ஆழத்திலேயே ஒரு தரை இருப்பதுபோல எதிரொலி வந்தது.

இன்னொரு வேடிக்கை, அந்தத் தரை ஓரிடத்தில் நிற்கவில்லை. பொழுது சாயும்போது மேலே ஏறியது. விடியும்போது கீழே இறங்கியது. தரை எங்கேயாவது ஏறி இறங்குமா? 1945ல் மார்ட்டின் ஜான்சன் என்ற கடல் உயிரியல் விஞ்ஞானி, இப்படி நாள்தோறும் ஏறி இறங்குவது உயிர்ப்பிராணிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதை எடுத்துக் காட்டினார். கோடிக்கணக்கான சிறு மீன்களும், இறால் இனங்களும், கணவாய் வகைகளும் ஓர் அடுக்காக நின்று ஒலியைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. மீனின் வயிற்றில் உள்ள காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பும்.

இந்த ஏற்ற இறக்கம் எல்லாக் கடல்களிலும் தினமும் நடக்கிறது. எடையில் பார்த்தால் உலகத்தில் தினந்தோறும் நடக்கும் மிகப் பெரிய பிராணிப் பயணம் இதுதான் என்கிறார்கள். இத்தனைக்கும் பயணம் போகிறவை எவ்வளவு சின்னவை பாருங்கள். 3 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு துடுப்புக்காலி 300 மீட்டர் ஏறினால், தன் உடம்பைப் போல ஒரு லட்சம் மடங்கு தூரம் போகிறது என்று அர்த்தம். நம் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் 160 கிலோமீட்டருக்கு மேல் வரும். சாயங்காலம் சென்னையில் கிளம்பி விழுப்புரம் வரை நீந்திப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, விடிவதற்குள் திரும்பி நீந்தி வருவதுபோல!

இது கடலுக்கு மட்டும் உரிய சங்கதியும் அல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி கூவியே என்பவர் 1817லேயே நன்னீரில் வாழும் நீர்த்தெள்ளுகள் வெளிச்சத்துக்குத் தக்கபடி மேலும் கீழும் போவதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த நீர்த்தெள்ளு நம் ஊர்க் குளத்திலும் உண்டு.

ஏன் இந்த அலைச்சல்?

மேலே சாப்பாடு இருக்கும்போது பகலில் ஏன் கீழே போய் ஒளிய வேண்டும்? காரணம் எளியது. வெளிச்சத்தில் மேய்ந்தால் எதிரியின் கண்ணில் படும். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன்களுக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே பகலில் மங்கலான ஆழத்தில் பதுங்கியிருந்து, இருட்டினதும் மேலே வந்து வயிறார மேய்ந்து, விடிவதற்கு முன்னே இறங்கிவிடுவதுதான் பிழைக்கிற வழி. வயலில் எலி என்ன செய்கிறது? பகலெல்லாம் வளையில் கிடந்துவிட்டு, இருட்டினதும் கதிரை வெட்டுகிறது. பருந்துக்குப் பயந்துதானே? கடலிலும் அதே கதைதான். எலி பக்கவாட்டில் போகிறது, இவை மேலும் கீழும் போகின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

நுண்பிராணி மேலே ஏறினால், அதைத் தின்னும் சிறு மீனும் பின்னால் ஏறும். அதைத் தின்னும் பெரிய மீனும் கணவாயும் அதன் பின்னால் வரும். ஆட்டு மந்தை போகிற பக்கம் ஓநாயும் போகும் இல்லையா? எல்லா இனமும் இப்படியே செய்வதில்லை. சில வகைகள் தலைகீழாகப் பகலில் ஏறி இரவில் இறங்குவதும் உண்டு. ஆனால் சாயங்காலம் ஏறுவதும் விடியலில் இறங்குவதும்தான் பெரும்பான்மை வழக்கம்.

மேகம், கிரகணம், நிலா

இந்தப் பிராணிகள் வெளிச்சத்தை எவ்வளவு நுட்பமாக அளக்கின்றன என்பதற்குச் சில உதாரணம் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி அமெரிக்காவில் பூரண சூரிய கிரகணம் ஏற்பட்டது. அப்போது ஓரிகன் மாநிலக் கரைக்கு அப்பால் கடலில் பொருத்தியிருந்த ஒலிக் கருவிகள், மிதவைப் பிராணிகள் பட்டப்பகலிலேயே மேலே ஏறத் தொடங்கியதைப் பதிவு செய்தன. சூரியன் வெளியே வந்ததும் மறுபடி இறங்கின. கிரகணத்தின்போது பறவைகள் கூட்டுக்குத் திரும்புவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாதிரிதான்.

கிரகணம்கூட வேண்டாம், மேகம் போதும். பசிபிக் கடலின் வடபகுதியில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2021ல் வெளிவந்தது. 300, 400 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பிராணிகள், மேலே வானத்தில் ஒரு மேகம் சூரியனை மறைத்தால் சுமார் 15 மீட்டர் ஏறுகின்றன. மேகம் விலகினால் இறங்குகின்றன. மேலே நிற்கும் நமக்கு மேகம் வந்து போனதே கவனத்தில் இருக்காது. இருபது பனை ஆழத்தில் இருப்பதற்கு அது தெரிகிறது.

வட துருவத்தை ஒட்டிய கடலில் குளிர்காலத்தில் வாரக்கணக்காக, மாதக்கணக்காகச் சூரியனே உதிக்காது. அங்கே மிதவைப் பிராணிகள் நிலாவின் நேரத்தைப் பார்த்து ஏறி இறங்குகின்றன என்று 2016ல் தெரிய வந்தது.

நிலாவைப் பற்றி இன்னொரு செய்தி. இது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில், சாம்பேசி ஆற்றைத் தடுத்து உண்டாக்கிய கஹோரா பாசா என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதில் நன்னீர் மத்தி வகை ஒன்று வாழ்கிறது. நுண்பிராணிதான் அதற்கு உணவு. பௌர்ணமி கழிந்த நாட்களில் என்ன ஆகும்? சூரியன் மறைந்ததும் நிலா உடனே வராது. கொஞ்ச நேரம் நல்ல இருட்டு. 'இராத்திரி வந்துவிட்டது' என்று நம்பி நுண்பிராணிகள் மேலே ஏறிவிடும். அப்புறம் திடீரென்று நிலா எழும்பும். ஏரியே பால் மாதிரி வெளுக்கும். மேலே வந்தவை அத்தனையும் மத்தியின் கண்ணில் பட்டு இரையாகிவிடும். ஒவ்வொரு மாதமும் அந்த நாட்களில் நுண்பிராணிகளின் எண்ணிக்கை விழுந்து, அமாவாசைப் பக்கம் மறுபடி பெருகுகிறது. போலந்து நாட்டு விஞ்ஞானி கிளிவிச் 1986ல் இதை எழுதினார். 'நிலாப் பொறி' என்று இதைச் சொல்கிறார்கள். நாம் பூச்சிக்கு விளக்குப் பொறி வைக்கிறோம், அங்கே நிலாவே பொறி வைக்கிறது!

வயிற்றில் விளக்கு வைத்த மீன்

வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது மட்டும் அல்ல, வெளிச்சத்தை உண்டாக்குகிற மீன்களும் ஆழ்கடலில் ஏராளம். அவற்றில் ஒன்று விளக்கு மீன். பெரும்பாலும் விரல் நீளம், கூடினால் ஒரு சாண். வயிற்றுப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் இருக்கும். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டு, இரவில் மேலே வரும் பயணிகளில் இதுவும் ஒன்று.

வயிற்றில் எதற்கு விளக்கு? வானத்தில் பறக்கும் பருந்தைக் கீழிருந்து பார்த்தால் கருப்பாகத் தெரிகிறது இல்லையா? அப்படி மேலே நீந்தும் மீனும், கீழே இருக்கும் எதிரிக்கு நிழல்போலத் தெரியும். அந்த நிழலை அழிக்கத்தான் வயிற்று விளக்கு. மேலிருந்து எவ்வளவு மங்கலான வெளிச்சம் வருகிறதோ, அதே அளவுக்கு வயிற்றில் ஒளியைக் காட்டினால் மீனின் உருவம் மறைந்துவிடும். நாம் ஒளிந்து கொள்ள விளக்கை அணைப்போம். அது விளக்கை ஏற்றி ஒளிந்து கொள்கிறது.

இன்னும் ஆழத்தில் தூண்டில் மீன் என்று ஒன்று. பெண் மீனின் தலையில் கொம்புபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். அந்த வெளிச்சத்தை இரை என்று நம்பி வருகிற பிராணியை இது கவ்விக்கொள்ளும்.

ஆழத்தில் வாழும் பல இறால்கள் இரத்தச் சிவப்பாக இருக்கும். கரைக்குக் கொண்டு வந்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் அது வாழும் இடத்துக்குச் சிவப்பு வெளிச்சம் போவதே இல்லை என்று பார்த்தோமே? வராத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே அங்கே சிவப்பு என்பது கருப்புக்குச் சமம்.

விளக்கு மீன் எங்கோ இருப்பது என்று நினைக்க வேண்டாம். நம் அரபிக் கடலின் வடமேற்குப் பகுதியிலும் ஓமான் வளைகுடாவிலும் இது நிறைய உண்டு. நார்வே நாட்டின் ஆராய்ச்சிக் கப்பல் 1975, 1976ஆம் ஆண்டுகளிலேயே அங்கே போய்க் கணக்கெடுத்திருக்கிறது. ஒரு விசேஷம், அந்தக் கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் பிராணவாயு மிகமிகக் குறைவு. சாதாரண மீன் அங்கே மூச்சு முட்டிச் செத்துப் போகும். விளக்கு மீன் பகல் முழுக்க அந்த மூச்சு முட்டும் இடத்தில் பதுங்கியிருந்து, இரவில் மேலே வந்து நல்ல காற்றும் இரையும் பெறுகிறது. எதிரி எளிதில் வராத இடம் என்பதால் அந்தக் கஷ்டத்தையும் தாங்கிக்கொள்கிறது.

உங்கள் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்தத் தாக்குப் பிடிக்கும் சக்தி கிடையாது. இந்த இடத்தில்தான் நாம் கடலை விட்டுக் குட்டைக்குத் திரும்புகிறோம்.

குட்டையின் வரவு செலவு

கடலில் 200 மீட்டர் போகிற வெளிச்சம், பச்சைத் தண்ணீர் உள்ள குட்டையில் இரண்டு மூன்று அடிக்குள் தீர்ந்துவிடும். குட்டையிலும் நுண்பயிர் உண்டு, நுண்பிராணி உண்டு. தண்ணீர் இளம் பச்சையாக இருப்பது நுண்பயிரால்தான். அதை மேய்கிற நுண்பிராணிதான் கட்லாவுக்குப் பிடித்த தீனி. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுமட்டத்தில், மிர்கால் அடிமட்டத்தில்.

நுண்பயிர் பகலில் வெயிலை வாங்கி வளரும்போது பிராணவாயுவைத் தண்ணீரில் விடுகிறது. இது வரவு. மீன், நுண்பிராணி, அடிச்சேற்றில் மக்கும் சாணம், நுண்பயிர் எல்லாமே இரவும் பகலும் பிராணவாயுவைச் செலவு செய்கின்றன. பகலில் வரவும் உண்டு, செலவும் உண்டு. இரவில் செலவு மட்டும்தான். எனவே பிற்பகலில் கையிருப்பு அதிகமாக இருக்கும். விடிவதற்குச் சற்று முன்னால் மிகக் குறைவாக இருக்கும்.

மூன்று நாள் மூட்டம் போட்டால் என்ன ஆகும்? வரவு குறைந்துவிட்டது. செலவு அப்படியே இருக்கிறது. அதிலும் தண்ணீர் கரும்பச்சையாக, நுண்பயிர் அளவுக்கு மீறி இருந்தால், இரவில் அதுவே பெரிய செலவாளி. கையிருப்பு தீர்ந்து போகிற நேரம் விடியற்காலை. அந்த நேரத்தில்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். விரால் மேலே வந்து காற்றுக் குடிப்பது அதன் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கட்லாவும் ரோகுவும் கூட்டமாக வாயைப் பிளந்தால் அது ஆபத்தின் அடையாளம். வெயில் ஏறும்வரை காத்திருந்தால் சில சமயம் கைமீறிப் போகும்.

ஆகவே பக்கத்துக் காட்டுக்காரர்மேல் சந்தேகப்படும் முன், முந்தின இரண்டு மூன்று நாள் வானத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீரின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். சாணம் எவ்வளவு கொட்டினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

முழங்கைச் சோதனை

தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு பழைய முறை உண்டு. இத்தாலியில் செக்கி என்ற பாதிரியார், வானசாஸ்திரி. 1865ல் போப்பாண்டவரின் கப்பலில் போய், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் கருப்பும் வெள்ளையுமான தட்டை வைத்து அதே முறையில் அளக்கிறார்கள்.

உங்களுக்குத் தட்டுகூட வேண்டாம், கை போதும். வெயில் நன்றாக இருக்கும் முற்பகலில், குட்டைக்குள் கையை நேராக விடுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். தண்ணீர் முழங்கையைத் தொடும்போது உள்ளங்கை மறைகிறதா? அளவு சரி. செக்கித் தட்டுக் கணக்கில் இது 30 முதல் 40 சென்டிமீட்டர். முழங்கைக்கு மேலே தண்ணீர் வந்தும் உள்ளங்கை பளிச்சென்று தெரிகிறதா? நுண்பயிர் போதாது, கொஞ்சம் சாணம் கரைத்து விடலாம். பாதி முழங்கைக்குள்ளேயே உள்ளங்கை மறைந்துவிட்டதா? நுண்பயிர் மிஞ்சிவிட்டது. சாணம், உரம் எல்லாவற்றையும் உடனே நிறுத்துங்கள். முடிந்தால் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். பச்சைத் தண்ணீர் பயிருக்கு நல்லது, வீண் போகாது.

ஒரு எச்சரிக்கை. செம்மண் கலங்கிய தண்ணீரிலும் கை மறையும். அது நுண்பயிர் அல்ல, சேறு. அந்தச் சேறு வெளிச்சத்தைத் தடுத்துவிடுவதால் நுண்பயிர் வளராது. நிறம் பச்சையா, சிவப்பா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூட்டமான நாட்களில் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, வானம் மூடியிருக்கும்போது சாணமும் உரமும் போடக் கூடாது. தீவனத்தையும் குறையுங்கள், அல்லது நிறுத்துங்கள். ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது.

இரண்டாவது, அந்த நாட்களில் விடியற்காலம் எழுந்து குட்டையை ஒரு சுற்றுப் பாருங்கள். மீன் வாயைப் பிளந்தால் பம்புசெட்டைப் போட்டுத் தண்ணீரைப் பலகை மேலோ கல் மேலோ விழச் செய்து, சிதறி விழ விடுங்கள். கிணற்றுத் தண்ணீரிலும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் பிராணவாயு குறைவாக இருக்கலாம். குழாயைத் தண்ணீருக்குள் முக்கி வைத்தால் பலன் இல்லை. சிதறி விழுந்தால்தான் காற்று கலக்கும். வேறு தண்ணீர் இல்லையென்றால் குட்டைத் தண்ணீரையே எடுத்து மேலிருந்து சிதறடிக்கலாம்.

மூன்றாவது, ஆகாயத்தாமரை குட்டையை மூட விடாதீர்கள். அது வெயிலையும் தடுக்கும், காற்றையும் தடுக்கும். கரையில் நிழல் மூடுகிற மரக்கிளைகளைக் கழித்து விடுங்கள்.

நான்காவது, தீவனத்தை விடிந்தவுடன் போட வேண்டாம். வெயில் ஏறி, நுண்பயிர் வேலையைத் தொடங்கிய பிறகு, காலை 9 மணிக்கு மேல் போடுங்கள்.

விளக்கு நன்மையும் செய்யும், கெடுதலும் செய்யும்

குட்டைக்கு மேலே முன்னிரவில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் பூச்சிகள் வந்து தண்ணீரில் விழும், மீனுக்குத் தீனியாகும். பக்கத்து வயலில் அந்துப்பூச்சியும் குறையும். இது நல்ல உபயோகம்.

ஆனால் கடலில் இதே தந்திரத்தைப் பெரிய அளவில் செய்தபோது விபரீதமாகிவிட்டது. படகில் சக்தி வாய்ந்த விளக்குகளைக் கட்டி வெளிச்சம் பாய்ச்சினால், பல வகை நுண்பிராணிகளும், அவற்றைத் தேடிச் சிறு மீன்களும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்களும் ஒரே இடத்தில் கூடும். குஞ்சு, முட்டை போடும் தாய் என்ற வேறுபாடு இல்லாமல் வாரிக்கொள்ளலாம். விதை நெல்லையும் சேர்த்து அவித்துச் சாப்பிடுவது போன்ற காரியம் இது. அதனால்தான் மத்திய அரசு 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நம் நாட்டின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் பகுதியில் எல்.இ.டி. போன்ற செயற்கை விளக்குகளை வைத்து மீன் பிடிப்பதைத் தடை செய்தது. இருட்டை நம்பி மேலே வரும் உயிர்களுக்கு நடு இராத்திரியில் பொய்ப் பகலைக் காட்டினால், தலைமுறை தலைமுறையாக அவை பழகிய தற்காப்பு ஒன்றும் உதவாது.

பெருமக்களே, நாற்று விடும்போது வானத்தைப் பார்க்கிறோம். கதிர் அறுக்கும்போது வானத்தைப் பார்க்கிறோம். மீன் வளர்க்கும்போதும் வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஒரு மேகம் வந்தால் இருபது பனை ஆழத்தில் இருக்கும் கடல் பிராணிக்கே அது தெரிகிறது என்றால், நாலடித் தண்ணீரில் இருக்கும் உங்கள் மீனுக்கு மூன்று நாள் மூட்டம் எவ்வளவு பெரிய சங்கதி என்று யோசித்துப் பாருங்கள். இன்று முற்பகல் வெயில் இருந்தால் குட்டைக்குப் போங்கள். கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். அடுத்த மூட்டம் வருவதற்குள் உங்கள் குட்டையின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.